ராத்திரிப் பாயும் பகல் தண்ணீர் பாட்டிலும்

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். நாங்கள் கரூர் பக்கம். கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நான் ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிறேன். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. படிப்பும் விளையாட்டும் நன்றாக இருக்கின்றன. ஆனால் பிறந்ததிலிருந்து இன்றுவரை வாரத்தில் ஐந்து நாளாவது பாயை நனைத்துவிடுகிறான். பகலில் ஒரு சொட்டுகூடப் போவதில்லை. நாலு வயதுத் தங்கை காய்ந்த பாயில் எழுகிறாள். மாமியார், "எழுந்து போகச் சோம்பேறித்தனம்" என்கிறார். ஒருநாள் கரண்டியை அடுப்பில் காயவைத்து அவன் முன்னால் நீட்டிவிட்டார். கணவரும் இரண்டு முறை அடித்துவிட்டார். எள்ளுருண்டை கொடுத்தோம், தாயத்து கட்டினோம், நடுராத்திரி எழுப்பிக் கூட்டிப்போகிறோம். எதுவும் பலிக்கவில்லை. இப்போது நனைந்த டிராயரைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைக்க ஆரம்பித்திருக்கிறான்.

காலை ஏழரைக்கு வேன். பள்ளிக்கு எடுத்துப்போகும் தண்ணீர் பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். சாயங்காலம் டியூஷன், ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பாடு, ஒரு டம்ளர் பால், ஒன்பதரைக்குத் தூக்கம். இரண்டுக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் போவான். என் நாத்தனார் ஒருமுறை சிரித்துக்கொண்டே, "அண்ணனும் பத்து வயசு வரைக்கும் இப்படித்தான்" என்றாள். மாமியாரைக் கேட்டால் அப்படியெல்லாம் இல்லை என்கிறார். அடுத்த மாதம் என் தம்பிக்குக் கல்யாணம். மண்டபத்தில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும். "நான் வரலம்மா, என்னை ஆயாகிட்ட விட்டுட்டுப் போ" என்று அழுகிறான். அவனுக்கு ஏதாவது கோளாறா? நான் வளர்த்த முறைதான் தப்பா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டிராயரை ஒளித்துவைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் மூன்று தடவை படித்தேன். சோம்பல்படுகிற பிள்ளை டிராயரை ஒளித்துவைக்காது. கூனிக் குறுகிப்போன பிள்ளைதான் ஒளித்துவைக்கும். இது நின்றுபோக வேண்டும் என்ற ஆசை உங்கள் எல்லோரையும்விட அவனுக்குத்தான் அதிகம்.

உங்கள் இரண்டு கேள்விக்கும் முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பயப்படும்படியான கோளாறு எதுவும் தெரியவில்லை. ஒருமுறை நேரில் காட்டி, ஒரு சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொண்டால் போதும். வளர்த்த முறையில் தப்பு இல்லவே இல்லை. ஒரே வீட்டில் ஒரே மாதிரி வளர்ந்த தங்கை காய்ந்த பாயில் எழுகிறாளே, அதுவே சாட்சி. பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாகவே இது சீக்கிரம் கைவரும். ஆண் பிள்ளைகளிடம் இந்தத் தொந்தரவு ஏறக்குறைய இரு மடங்கு.

உங்கள் மகன் தனி ஆளும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள் 100 பேரில் 15 பேர் போல இன்னும் படுக்கையை நனைக்கிறார்கள். பத்து வயதில் அது 5 பேராகக் குறைகிறது. 40 பேர் படிக்கிற ஒரு மூன்றாம் வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளாவது காலையில் இதே அவமானத்தோடு எழுந்து குளித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் பிள்ளை மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எந்த வைத்தியமும் செய்யாவிட்டாலும் ஆண்டுக்கு 100 பேரில் 15 பேருக்கு இது தானாகவே நின்றுவிடும். ஆனால் எட்டு வயது தாண்டி, பிள்ளை கல்யாணத்துக்கே வர மாட்டேன் என்று அழுகிற நிலையில், "தானா சரியாயிடும், விடுங்க" என்று சொல்லி அனுப்புகிற டாக்டர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவனுக்கு உதவி தேவை, உதவியும் இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதை உங்கள் மாமியாருக்கும் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நாம் தூங்கும்போது மூளையிலிருந்து வாசோபிரஸின் என்ற ஒரு சுரப்பு கூடுதலாக வரும். அது சிறுநீரகத்திடம் 'ராத்திரி வேலையைக் குறைத்துக்கொள்' என்று சொல்கிற ஆணை மாதிரி. அதனால்தான் பெரியவர்கள் ஏழு மணி நேரம் எழாமல் தூங்க முடிகிறது. சில பிள்ளைகளுக்கு இந்தச் சுரப்பு ராத்திரியில் கூடுவதில்லை. பகலில் வேலை செய்வது போலவே சிறுநீரகம் ராத்திரியும் வேலை செய்துகொண்டிருக்கும். டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரத்து மருத்துவர்கள் 1980களில் இதைக் கண்டறிந்து சொன்னார்கள். இன்று நாங்கள் தருகிற மாத்திரையும் இந்தச் சுரப்பைப் போலத்தான் வேலை செய்கிறது.

அடுத்தது சிறுநீர்ப்பை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய 270 மில்லி தாங்க வேண்டும். வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் வருகிற கணக்கு இது. சில பிள்ளைகளுக்குப் பாதி நிறையும்போதே பை சுருங்க ஆரம்பித்துவிடும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வாங்கி, சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் ஒவ்வொரு முறை போவதையும் அதில் பிடித்து அளவு குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் போவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மீதியில் எது அதிகமோ அதுதான் அவன் பையின் அளவு. 175 மில்லிக்குக் குறைவாகவே இருந்தால் பை சிறிதாக இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தாளைக் கையோடு டாக்டரிடம் எடுத்துப்போங்கள். எந்த ஸ்கேனையும்விட அந்தத் தாள் எங்களுக்கு உதவும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் மேல். பை நிறைந்த சேதி மூளைக்குப் போகிறது, ஆனால் மூளை எழுப்பிவிடுவதில்லை. "இடி விழுந்தாலும் எழ மாட்டான் டாக்டர்" என்று தாய்மார்கள் சொல்வது வெறும் பேச்சு வழக்கு இல்லை. இந்தப் பிள்ளைகளைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது உண்மையிலேயே கடினம். பை நிரம்பி வழிகிற நேரத்தில் உங்கள் மகன் அங்கே இல்லை. முழுத் தூக்கத்தில் இருக்கிறான். எழலாமா வேண்டாமா என்று யோசிக்க ஆள் விழித்திருந்தால்தானே சோம்பேறித்தனம் என்ற பேச்சே வரும்?

அதனால்தான் அடியும் பயமுறுத்தலும் பலிப்பதில்லை. அடி விழுவது விழித்திருக்கிற பிள்ளைக்கு. பாயை நனைத்தது தூங்குகிற பிள்ளை. கரண்டி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். இதே காரணத்துக்காகச் சூடு வைக்கப்பட்ட தொடைகளுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடச் சூட்டினால் குணமாகி வரவில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆவது பிரிவின்படி, தன் பொறுப்பில் இருக்கிற குழந்தையைத் துன்புறுத்துவது மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மாமியாரை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் காலத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது. ஆனால் உங்கள் வீட்டு அடுப்பில் இனி அந்தக் கரண்டி காயக் கூடாது.

இப்போது உங்கள் நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கிற மிகப் பெரிய தடயம் அதுதான். தாய் தகப்பன் இருவருக்குமே சிறு வயதில் இது இல்லாவிட்டால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு 100க்கு 15 போல. ஒருவருக்கு இருந்திருந்தால் 44. இருவருக்கும் இருந்திருந்தால் 77. இதற்குத் தொடர்புள்ள ஓர் இடம் 13ஆவது குரோமோசோமில் இருப்பதை டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 1995இல் காட்டினார்கள். மூக்கு, முகச்சாயல், நடை போல இதுவும் தகப்பன் வழியாக வந்திருக்கலாம். உங்கள் கணவர் பத்து வயதில் தானாக நின்றவர் என்றால், மகனுக்கும் நிற்கும் என்று நம்ப அது நல்ல காரணம்.

மாமியார் மறைப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவரும் அந்தக் காலத்தில் யாரிடமோ ஏச்சு வாங்கியிருப்பார். விட்டுவிடுங்கள், அவரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டிய அவசியம் இல்லை. கணவரிடம் பேசுங்கள். பட்டறையிலிருந்து களைத்து வந்த நேரத்தில் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். குற்றம் சாட்டாமல், "உங்களுக்கு அப்ப எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் கிளினிக்கில் இந்தக் கேள்வியைக் கேட்டதும் பல தகப்பன்கள் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் மகன் முன்னாலேயே அழுதிருக்கிறார். "சின்ன வயசுல எனக்கும் இப்படித்தாண்டா இருந்துச்சு, நின்னுபோச்சு" என்று தகப்பன் வாயால் ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அதற்கு இணையான மருந்து என் அலமாரியில் இல்லை.

அடுத்து, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன இரண்டு விஷயங்கள்: பாதிக்கு மேல் திரும்பி வருகிற தண்ணீர் பாட்டில், மூன்று நாளைக்கு ஒரு தடவை இரண்டுக்குப் போவது. ராத்திரி நடப்பதைத் திருத்த நாம் ராத்திரியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். திருத்த முடிவது பெரும்பாலும் பகலில்தான் இருக்கிறது.

அவன் ஏன் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பிள்ளைகள் என்னிடம் சொல்லும் பதில் ஒன்றே: "பாத்ரூம் நாறும், தாழ்ப்பாள் இல்லை." குடித்தால் போக வேண்டும், போக இடம் சரியில்லை, அதனால் குடிப்பதே இல்லை. கரூர் வெயிலில் காய்ந்துபோய் நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்ததும் மடக் மடக்கென்று ஆரம்பிக்கிறான். டியூஷனில் ஒரு பாட்டில், ஒன்பது மணிச் சாப்பாட்டில் ரசமும் மோரும், அதன் மேல் ஒரு டம்ளர் பால், அரை மணி நேரத்தில் தூக்கம். ஒரு நாளைய தண்ணீர் முழுவதும் ராத்திரி வேளையில் சிறுநீரகத்துக்குப் போய்ச் சேருகிறது.

இதை அப்படியே திருப்பிப்போட வேண்டும். எட்டு வயதுக்கு நம் ஊர் வெப்பத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை வேண்டும். வெளியில் ஓடி விளையாடுகிற நாளில் இன்னும் கூடும். அதில் பத்தில் நாலு பங்கு மதியச் சாப்பாட்டுக்கு முன், நாலு பங்கு சாயங்காலம் ஐந்து மணிக்குள், மீதி இரண்டு பங்குதான் அதற்குப் பிறகு. காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர், வேன் ஏறுவதற்கு முன் ஒன்று. தண்ணீரையே குறைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பலர் செய்கிற தவறு அது. பை விரிந்து பழக பகலில் தண்ணீர் வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு மாற்ற முடியுமா பாருங்கள். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், எல்லா நாளும் முடியாது என்பது புரிகிறது. முடியாத நாளில் பாலையாவது சாயங்காலத்துக்கு நகர்த்துங்கள். டீ, காபி, கோலா மூன்றும் இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். ராத்திரி விஷயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. "டாக்டர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒண்ணுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்" என்றால் போதும். 2019இல் கேரளத்துப் பள்ளிகளில் தொடங்கிய 'தண்ணீர் மணி' வழக்கம் இப்போது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் மணி அடித்துக் குடிக்க வைத்தால் மட்டும் போதாது. போவதற்குத் தாழ்ப்பாளும் வாளியும் உள்ள கழிப்பறை இருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். இதைக் கேட்கத் தயங்கவே கூடாது.

இரண்டுக்குப் போகும் விஷயம் இதைவிட முக்கியம். மலக்குடலும் சிறுநீர்ப்பையும் ஒன்றன் முன் ஒன்றாக ஒட்டி இருப்பவை. மூன்று நாள் மலம் உள்ளே தங்கிக் கெட்டியானால் அது முன்னால் இருக்கிற பையை அழுத்தும். பை விரிய இடம் இருக்காது, சுருங்கவும் ஆரம்பிக்கும். மலச்சிக்கலைச் சரிசெய்ததுமே படுக்கை நனைப்பது நின்ற பிள்ளைகளைப் பற்றி 1986இலேயே கனடாவின் மான்ட்ரியல் நகரத்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நானும் பார்த்திருக்கிறேன். தினமும் போனாலும் பெரிதாக, கெட்டியாக, வலியோடு போனால் அதுவும் சிக்கல்தான். டிராயரில் லேசாகக் கறை படிகிறதா என்றும் பாருங்கள்.

ஏழரை வேனுக்கு ஓடுகிற பிள்ளைக்குக் காலையில் உட்கார நேரம் ஏது? சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அதனால் காலை இட்லிக்குப் பிறகோ ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகோ பத்து நிமிஷம் அவசரப்படுத்தாமல் உட்கார விடுங்கள். இந்தியன் டாய்லெட் என்றால் நல்லது. வெஸ்டர்ன் என்றால் கால் தொங்காமல் ஒரு முக்காலி வையுங்கள். கீரை, கொய்யா, வாழைப்பழம், சுண்டல் எல்லாம் உதவும். ஆனால் ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருப்பதை உணவு மட்டும் இளக்காது. மலத்தை இளக்கும் மருந்தை டாக்டர் சொல்கிற அளவில் சில வாரமாவது, பெரும்பாலும் சில மாதம், கொடுக்க வேண்டியிருக்கும். நாலு நாள் கொடுத்து, போக ஆரம்பித்ததும் நிறுத்திவிடாதீர்கள்.

இனி நீங்கள் செய்து பார்த்தவை. எள்ளுருண்டை நல்ல தின்பண்டம், அவனுக்குப் பிடித்தால் கொடுங்கள், பாயை அது காயவைக்காது. தாயத்திலும் கெடுதல் இல்லை. ஆனால் மந்திரிக்கிற இடத்தில் நாலு பேர் முன்னால் "இவன் பாயை நனைக்கிறான்" என்று உரக்கச் சொல்லியிருந்தால், அது கெடுதல்.

நடுராத்திரி எழுப்பிக் கூட்டிப்போவது பாயைக் காப்பாற்றும், பிள்ளைக்கு எதையும் கற்றுக்கொடுக்காது. பெரும்பாலும் அவன் தூக்கத்திலேயே நடந்து, தூக்கத்திலேயே போய்விட்டு வந்து படுப்பான். எழுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் முழுதாக விழிக்க வையுங்கள். அவனே எழுந்து, அவனே லைட்டைப் போட்டு நடக்கட்டும். காலையில் கேட்டால் போனது அவனுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். காலையிலிருந்து தையல் மிஷினில் உட்காருகிறவர் நீங்கள்.

காய்ந்த பாய்க்குப் பரிசு கொடுக்கும் வழக்கமும் வேண்டாம். அவன் கையில் இல்லாததற்குப் பரிசு வைத்தால், கிடைக்காத ஒவ்வொரு நாளும் அது தண்டனை. பாட்டிலைக் காலி செய்துகொண்டு வந்தால் பாராட்டுங்கள். படுக்கும் முன் தானாக ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தால் பாராட்டுங்கள். காலையில் நனைந்த துணியைச் சுருட்டி வாளியில் போட அவனும் உதவட்டும், தண்டனையாக இல்லாமல், சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது போல. பாய்க்கு மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்துப் போட்டால் துவைப்பது பாதி வேலை. பள்ளிக்குப் போகும் முன் கட்டாயம் குளிக்க வையுங்கள். வாடை வந்து யாராவது கேலி செய்துவிட்டால் அந்தக் காயம் ஆறப் பல ஆண்டு ஆகும்.

டாக்டரிடம் போகும்போது சிலவற்றை அவர் கேட்கும் முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறானா என்பது ஒன்று. மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு சதையும் டான்சிலும் பெரிதாகி ராத்திரி மூச்சு திணறினாலும் படுக்கை நனையும். சிறுநீர் மெல்லிய தாரையாக, முக்கி முக்கி வருகிறதா, எரிச்சல் இருக்கிறதா, முதுகின் அடியில் குழியோ முடிக்கொத்தோ இருக்கிறதா, நடையில் மாற்றம் உண்டா என்றும் பாருங்கள். இவை எதுவும் இல்லாத, பகலில் ஒரு சொட்டும் போகாத உங்கள் மகனைப் போன்ற பிள்ளைக்கு ஸ்கேன் வேண்டியதில்லை.

இதைப் படிக்கிற மற்ற பெற்றோருக்காக ஒன்று. ஆறு மாதமோ அதற்கு மேலோ காய்ந்த படுக்கையில் எழுந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைக்க ஆரம்பித்தால் அது வேறு கதை. ஆறு வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். மூன்று ஆண்டு சரியாக இருந்தவள். தம்பி பிறந்த ஏக்கம் என்று வீட்டில் ஒரு மாதம் விட்டுவிட்டார்கள். "தண்ணி தண்ணின்னு கேட்கிறா, சாப்பிட்டும் இளைக்கிறா, பாத்ரூம்ல எறும்பு மொய்க்குது" என்று பாட்டி ஓரமாக நின்று சொன்னார். சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. இன்சுலின் தொடங்கினோம், பிழைத்தாள். இன்னும் நாலு நாள் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. தாகம், இளைப்பு, மறுபடி நனைகிற படுக்கை, மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது. சிறுநீர்த் தொற்றும் இப்படிக் காட்டும். பள்ளியிலோ வீட்டிலோ யாராவது பிள்ளையைப் பயமுறுத்தினாலும், தகாத முறையில் தொட்டாலும் இப்படித் தொடங்கலாம். அதையும் மடியில் உட்காரவைத்து மெதுவாகக் கேட்க வேண்டும்.

உங்கள் மகனுக்குத் திரும்ப வருகிறேன். தண்ணீர் நேரத்தையும் மலச்சிக்கலையும் ஒன்றிரண்டு மாதம் சரியாகக் கவனித்த பிறகும் நனைந்தால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஈரம் பட்டதும் ஒலிக்கிற அலாரம். 1904இல் ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் ஃபான்ட்லர், படுக்கை நனைந்ததைச் செவிலியர்களுக்குத் தெரிவிக்க ஒரு மணியைப் பொருத்தினார். சில நாளில் பிள்ளைகள் நனைப்பதே குறைந்ததைக் கண்டார். 1938இல் அமெரிக்க உளவியலாளர்களான மௌரர் தம்பதி அதை முறையான சிகிச்சையாக்கினார்கள். இன்று டிராயரில் மாட்டுகிற சின்னக் கருவியாக ஆன்லைனில் கிடைக்கிறது. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குப் பலிக்கிறது. நிறுத்திய பிறகும் பலன் தங்குவது இதில்தான் அதிகம். ஆனால் இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். முதல் இரண்டு வாரம் அலாரம் வீட்டில் எல்லோரையும் எழுப்பும், அவனைத் தவிர. நீங்களோ கணவரோ எழுந்து அவனை எழுப்பி நடக்கவைக்க வேண்டும். ஒரே அறையில் எல்லோரும் படுக்கிற வீட்டில் இது லேசான வேலை இல்லை. கல்யாணப் பரபரப்பில் தொடங்காதீர்கள், முடிந்து வீடு அமைதியான பிறகு தொடங்குங்கள். தொடர்ந்து 14 ராத்திரி காய்ந்தால் நிறுத்தலாம்.

மற்றொன்று டெஸ்மோபிரஸின் மாத்திரை. மேலே சொன்ன ராத்திரிச் சுரப்பின் செயற்கை வடிவம். போட்ட ராத்திரி சிறுநீர் குறைவாக உண்டாகும். நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி ஆகும். அதனால் குணப்படுத்துகிற மருந்து என்று இதைச் சொல்ல மாட்டேன். வெளியில் தங்க வேண்டிய ராத்திரிகளுக்கு மிகவும் உதவும். ஒரு விதியை மட்டும் உயிர்போனாலும் மீறக் கூடாது: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து பிறகு எட்டு மணி நேரம் வரை எதுவும் குடிக்கக் கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால் ஒரு மடக்குத் தண்ணீர். மீறினால் உடம்பில் தண்ணீர் தேங்கி, ரத்தத்தில் உப்பு குறைந்து, தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி இருக்கிற நாளில் போடவே கூடாது. மூக்கில் அடிக்கிற ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பழைய சீட்டில் இமிப்ரமின் என்ற மாத்திரை எழுதியிருந்தால் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அளவு கூடினால் இதயத்தைத் தாக்கும். நாலு வயதுக் குழந்தையும் இருக்கிற வீடு.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரமே உங்கள் ஊர்க் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்றால் மாத்திரையை மண்டபத்தில் முதல்முறையாகப் போடாமல், இரண்டு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பாருங்கள். எந்த அளவில் கேட்கிறது என்று தெரிந்துவிடும். வரவேற்பு ராத்திரிதான் சிக்கலானது. ரோஸ் மில்க், குளிர்பானம், ரசம், பாயசம் என்று ஆளுக்கு ஒன்று கையில் திணிப்பார்கள். அவனைச் சீக்கிரம் முதல் பந்தியிலேயே உட்காரவைத்து எழுப்பிவிடுங்கள். எவ்வளவு குடித்தான் என்று உங்களுக்கே தெரியாத அளவுக்குக் குடித்துவிட்டால் அன்று மாத்திரை வேண்டாம். பாய் நனைந்தால் நனையட்டும்.

அவனை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவனுக்குப் புரியும்படி திட்டத்தை அவனிடமே சொல்லுங்கள்: கழிப்பறைக்குப் பக்கத்து அறை, சுவரோரப் படுக்கை, அடியில் ரப்பர் ஷீட், அடர்ந்த நிறப் போர்வை, மாற்று டிராயர் இரண்டு ஒரு பையில், பையின் ஜிப் அவன் கையில். முகூர்த்தம் விடியற்காலை என்றால் மண்டபமே மூன்று மணிக்கு எழுந்துவிடும். அதற்குக் கொஞ்சம் முன்னால் அவனை எழுப்பிக் குளிக்க வைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நாத்தனார் முடிச்சு போட மணமேடையில் நிற்க வேண்டியவர் நீங்கள், அந்த நேரத்தில் உங்களால் அவனைப் பார்த்துக்கொள்ள முடியாது. அந்த இரண்டு ராத்திரியும் அவன் பக்கத்தில் அவன் அப்பா படுத்துக்கொள்ளட்டும்.